எல்லோருக்கும் சரியாகக் காட்டிய மிஷின்

எந்த மீட்டரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஆட்டோ மீட்டரோ, கரண்டு மீட்டரோ, காய்கறிக் கடைத் தராசோ, இது ஒழுங்காகத்தான் காட்டுகிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. தொழில் அப்படி. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். செய்து முடித்த பம்ப் ஒவ்வொன்றும் என் மேடைக்கு வந்து, தண்ணீர் ஏற்றி, பிரஷர் கூட்டி, கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்த்த பிறகுதான் வெளியே போகும். முள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் ஒரே கேள்விதான்: கெட்டது பம்பா, கேஜா? எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் கேஜ் என்றுதான் சொல்வார்கள். பம்ப் நாம் செய்தது, கேஜ் யாரோ செய்தது. அப்புறம் தப்பு யார் மேல் இருக்கும்?

இந்தத் திமிர்தான் என் கட்டுச்சோற்று விருந்து வரைக்கும் கூடவே வந்தது.

எங்கள் பக்கம் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கிளறிப் போசிப் பாத்திரங்களில் போட்டு, வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டி, பெண் வாழும் வீட்டுக்கு எடுத்துவருவார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, மாங்காய்ச்சோறு என்று வரிசையாக இருக்கும். கர்ப்பிணி முடிச்சைப் பிரித்து, முதல் கவளம் அவள் வாய்க்குப் போன பிறகுதான் வந்த உறவுக்காரர்கள் இலையில் உட்கார முடியும். எத்தனையோ கட்டுச்சோற்றுக்குப் போய் இலைக்காகக் காத்திருந்தவள் நான். கல்யாணமாகி வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலுக்கும் கோயில் வாசலுக்கும் நடந்த பிறகு, இப்போது முடிச்சைப் பிரிக்கப் போவது நான்! ஒரு மாதமாக அம்மாவிடம் போனில் இதே பேச்சு. எள்ளுச்சோற்றில் வெல்லம் போடக் கூடாது என்று சண்டைகூடப் போட்டேன்.

விருந்தன்று விடியும்போதே தலை விண்ணென்று தெறித்தது. இரண்டு நாளாகவே இருந்த வலிதான். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, அதனால் தலைவலி என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெரிய கடை வீதியில் அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல்கள் விரல் முட்டியைத் தாண்டி ஏற மறுத்தன. சோப்பு போட்டும் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் முகம் எனக்கே புதிதாக, உப்பிப்போய் இருந்தது. வந்த பெண்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி, "மொகமெல்லாம் பூரிச்சுப்போச்சுங் அம்மணி, தாயாகற களை வந்துருச்சு" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு வந்தார். போன தடவை பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா, "பிபி கொஞ்சம் மேல நிக்குது. வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்கித் தினமும் பாருங்க. நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறைத் தாண்டினா உடனே வந்துருங்க" என்று சொல்லியிருந்தார். ஆர்டர் போட்ட மிஷின் முந்தின நாள் சாயங்காலம்தான் கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. பட்டுச்சேலையோடு உட்கார்ந்து கையை நீட்டினேன். பட்டை இறுகி, புஸ்ஸென்று தளர்ந்து, எண் வந்தது. நூற்று ஐம்பத்தாறு. கீழே நூற்றிரண்டு.

"மிஷின் தப்பு" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுபடியும் போட்டோம். கிட்டத்தட்ட அதே எண்தான். அதற்குள் சிங்காநல்லூரிலிருந்து சோற்று மூட்டைகளோடு அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா நாற்பது வருஷமாக லேத் பட்டறை நடத்துகிறவர். மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் தட்டினார். காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"புதுசல்ல கண்ணு, இன்னும் செட் ஆகுல. நாலு பேருக்குப் போட்டு ஓடவுட்டா சரியாப் போகும்" என்றார்.

வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு யோசனை வருமா தெரியாது. எங்கள் ஆட்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். புது மோட்டாரை ஓட்டிப் பழக்குவதுபோல் புது பிபி மிஷினை ஓட்டிப் பழக்க வரிசை கட்டி நின்றார்கள். ஆம்பளைகள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். "எனக்கு எத்தனைங்க?" "உங்குளுக்கு நூத்தி இருவதுங்க, பாஸு!" என்று ஒரே கூச்சல். எண் வந்ததும் கைதட்டல் வேறு. யாருக்குக் குறைவு என்று இரண்டு மாமன்கள் பந்தயமே கட்டினார்கள். பந்தலே தேர்த்திருவிழாக் கடை மாதிரி ஆகிப்போனது. நானும் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒருவர்தான் வரிசைக்கு வரவில்லை. அது என் மாமியார், நான் கூப்பிடுவது அத்தை என்று. உயரமானவர். எப்போதும் ஏதாவது வேலையில் இருப்பார், பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வரும். கிணற்றடி மாமரத்துக் காயை ஊருக்கெல்லாம் ஊறுகாய் போட்டுக் கொடுப்பார், தான் ஒரு துண்டு நாக்கில் வைக்கமாட்டார். கேட்டால் பல் கூசும் என்பார். அன்றைக்கும் போசிகளை வாங்கி வைத்தபோது மாங்காய்ச்சோற்றுப் போசியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார். யாருக்கு எது பிடிக்காது என்பதில் எல்லாம் நான் தலையிடுவதில்லை.

சித்தப்பா முறை வந்தது. அவர் பல வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மிஷின் எண்ணைக் காட்டியதும் வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! நேத்துப் பொழுதோட பொள்ளாச்சில டாக்டர் பாத்து இதேதானுங்க சொன்னாரு. ஒண்ணு ரெண்டு கூட இல்ல, கொறையவும் இல்ல. நல்ல மிஷினுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் சிரிப்பு அங்கேயே நின்றது.

எங்கள் மேடையில் ஒரு கேஜ் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம் தெரியுமா? அதைக் கழற்றி, நன்றாக ஓடுகிற வேறு குழாய் லைன்களில் மாட்டுவோம். அங்கெல்லாம் சரியாகக் காட்டினால், எண் முன்கூட்டியே தெரிந்த லைன் ஒன்றில் மாட்டி ஒத்துப்பார்ப்போம். அங்கேயும் சரியாகக் காட்டினால் பேச்சே கிடையாது, கேஜ் நல்ல கேஜ். பழைய லைனில்தான் கோளாறு. ஒரு மணி நேரமாக என் சொந்தக்காரர்கள் முழுப் பேரும் கூடி, கூச்சலும் கைதட்டலுமாக, இந்த மிஷின் பொய் சொல்லாது என்று எனக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். பந்தலில் கோளாறான லைன் ஒன்றே ஒன்றுதான். அது பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது!

வயிற்றில் குழந்தை ஒரு உதை விட்டது. நான் கையை நீட்டினேன்.

"எனக்கு இன்னொருக்கா போடுங்க" என்றேன். நூற்று அறுபத்து நான்கு. வரிசையில் நின்றவர்கள் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்கள். அம்மா மட்டும், "ஒறம்பரைச் சனங்க சத்தத்துல ஏறியிருக்கும். மொதல்ல முடிச்சப் பிரி கண்ணு, ஒரு வாய் சாப்பிட்டா எறங்கிரும்" என்று வெள்ளைத் துணி மூட்டையை என் முன்னால் வைத்தாள். முடிச்சில் கை வைத்தேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள் மின்னின. காலையிலிருந்தே அப்படித்தான். போட்டோக்காரர் ஃப்ளாஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் போட்டோக்காரர் கேமராவை மூடி வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"கண்ணுக்குள்ள பூச்சி பூச்சியாப் பறக்குதுங் அத்தை" என்றேன்.

அத்தை கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. வெற்றிலையும் சந்தனமும் சிதறின. அவர் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை.

"காரை எட்றா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். "இப்பவே எட்றா!"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங் சம்பந்தி, கட்டுச்சோறு பிரிக்காமப் போனா ஆகாதுங்களே. ஒரே ஒரு வாய்..."

"சோத்தையும் காருல வையுங். புள்ளையும் தாயும் இருந்தா எப்ப வேணாலும் பிரிச்சுக்கலாம்."

அப்படித்தான் என் கட்டுச்சோறு, முடிச்சு அவிழாமல், கோயமுத்தூருக்குப் பயணம் கிளம்பியது. முன்னால் வீட்டுக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார். பின்னால் எனக்கு ஒரு பக்கம் அழுகிற அம்மா, இன்னொரு பக்கம் என் கையை நசுக்கிப் பிடித்திருக்கும் அத்தை. மடியில் பிபி மிஷின். டிக்கி முழுக்கச் சோறு. உக்கடம் மேம்பாலத்தில் ஏறியபோது கார் முழுக்கப் புளியும் எள்ளும் மணத்தது. பசியும் பயமுமாக நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேனாம். பேச்சை நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு கிறுக்கு.

ஆஸ்பத்திரியில் அவர்கள் மிஷினில் நூற்று எழுபதைத் தாண்டியது. சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதில் புரதம் நிறையப் போகிறது என்றார்கள். மிஷின் வாங்கச் சொன்ன, என்னைவிட வயதில் சின்னவரான டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னார்.

"இதுக்கு ப்ரீஎக்லாம்ப்சியான்னு பேருங்க. இன்னும் ஏறிச்சுன்னா வலிப்பு வரும். வந்தா உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. இனி நான் சொல்றபடி கேட்கணும்."

கேட்டேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. எதனால், எங்கிருந்து, எப்படி என்று கேள்விமேல் கேள்வி. ஒரு பக்கம் பிரஷரை இறக்க மருந்து. இன்னொரு பக்கம் வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏறுகிறது. அது ஏறும்போது உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. நர்ஸ் சின்னச் சுத்தியால் அடிக்கடி முழங்காலைத் தட்டிப் பார்த்தார். மருந்து அளவு மீறினால் கால் துள்ளுவது நின்றுவிடுமாம். ஆகா, இவர்களும் நம்மைப் போலத் தட்டித்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு அந்த நிலைமையிலும் ஒரு குஷி.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். குழந்தைக்குச் சாப்பாடு போவது நஞ்சுக்கொடி வழியாக. ஆரம்ப மாதங்களில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைக்குள் வேர் பிடிக்கும்போது, அங்கே இருக்கும் தாயின் ரத்தக் குழாய்கள் நன்றாக அகலமாக வேண்டும். சிலருக்கு அவை அகலமாவதில்லை. ஏன் என்று முழுதாக இன்னும் யாருக்கும் தெரியாது. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி ஏதேதோ பொருள்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது தாயின் உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது. பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. கை, முகம் வீங்குகின்றன. மூளைப் பக்கம் போனால் தலைவலி, கண்ணில் பூச்சி. ஈரல் பக்கம் போனால் மேல்வயிற்றில் வலி. சிலருக்கு எதுவுமே தெரியாமல் மிஷினில் மட்டும்தான் தெரியும்.

"அப்ப தண்ணி வெளிய போற டெலிவரி லைன் சின்னதாப் போட்டு பம்ப் தவிக்கிற மாதிரிங்களா?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பாதி அப்படிங்க. மீதி, லைனே உள்ளுக்குள்ள அரிச்சுப்போற மாதிரி. இதைக் கழற்றி ரிப்பேர் பண்ண முடியாது. நஞ்சுக்கொடி வெளிய வந்தாத்தான் குணமாக ஆரம்பிக்கும். அதனால குழந்தையைச் சீக்கிரம் எடுக்கணும். குழந்தையோட நுரையீரல் பலப்பட உங்களுக்கு ஊசி போட்டிருக்கோம். அது வேலை செய்யற வரைக்கும் தாக்குப்பிடிக்கப் பாப்போம்."

தாக்குப்பிடித்தோம், நானும் உள்ளே இருந்தவளும். அதற்கிடையில் வெளியே நடந்த அக்கிரமத்தைக் கேளுங்கள். எந்த நேரமும் ஆபரேஷன் இருக்கலாம் என்று எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லை. கட்டுச்சோறோ வெயிலில் ஊசிப்போகும். கடைசியில் அத்தை மூட்டையை என் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். நான் முடிச்சை மட்டும் அவிழ்த்தேன். மருந்து ஏறுகிற கையோடு, வீங்கிய விரலால். அதன் பிறகு நர்ஸ்கள், வாட்ச்மேன், பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் என் எள்ளுச்சோற்றைத் தின்றுவிட்டு, பிரமாதம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் பிரஷர் ஏறாமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஊசி வேலை செய்ய அவகாசம் கிடைத்த கையோடு ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தாள், ஆனால் அழுகை! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் மேசையில் படுத்தபடியே சிரித்தேன், அழுதேன், "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று டாக்டரம்மாவையே கேட்டேன். இன்குபேட்டருக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கணம் கன்னத்தில் வைத்துக் காட்டினார்கள். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா பார்க்க வந்தார். எண் இறங்கிக்கொண்டிருந்தது. "பிறந்த பிறகும் சில வாரத்துக்கு விடாமப் பாக்கணும், குழந்தை வந்தாச்சுன்னு மிஷினைத் தூக்கிப் போட்டுறாதீங்க" என்றார். கிளம்பும்போது, கால்மாட்டில் நின்றிருந்த அத்தை ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஏனுங் அம்மணி, ஒண்ணு கேக்கோணும்ங்க."

"கேளுங்கம்மா."

"இவனுக்கு முன்னால எனக்கு ஒரு புள்ள இருந்துச்சுங்க. பொட்டப்புள்ள. எனக்கும் இப்படித்தான் கையி காலு வீங்கிக் கண்ணுல பூச்சி பறந்துச்சுங்க. யாருகிட்டயும் சொல்லுல. அப்புறம் ஜன்னி வந்து இழுத்துருச்சுங்க. நான் முழிச்சுப் பாத்தா புள்ள இல்லீங்." நிறுத்தினார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "மாசமா இருக்கீல உப்பும் மொளகாயும் போட்டு மாங்கா தின்னேனுங்க. அத்தனை ஆசைங்க எனக்கு. அதனாலதான் புள்ள போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுனாலதானுங்களா?"

முதலில் ஒன்று தங்கவில்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான் தெரியும். அவர் கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

டாக்டரம்மா திரும்ப வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லவே இல்லீங்கம்மா. மாங்காயும் இல்ல, உப்பும் இல்ல. உங்க மருமகளுக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கு. நீங்க செஞ்சதுனால எதுவும் நடக்கல."

"நான் செஞ்சதில்லீங்களா?"

"நீங்க செஞ்சதில்லீங்க."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை எடை ஏறி, எல்லோருமாகக் கிணத்துக்கடவுக்கு வந்த அன்று கிணற்றடி மரம் காய் தாங்காமல் சாய்ந்து நின்றது. மகளை மடியில் போட்டுக்கொண்டு நான் கையை நீட்டியிருந்தேன், வீட்டுக்காரர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினெட்டு. இந்தத் தடவை மிஷினை நான் சந்தேகப்படவில்லை. அத்தை ஒரு தட்டோடு வந்தார். கீறிய பச்சை மாங்காய், மேலே உப்பும் மிளகாய்த்தூளும். நான் ஆவலாகக் கையைக் கொண்டுபோனேன்.

"உனக்கில்ல கண்ணு" என்று தட்டை இழுத்துக்கொண்டார். "எனக்கு."

ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். புளிப்பு ஏறி முகமெல்லாம் சுருங்கியது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, அடுத்த துண்டுக்குக் கை தட்டைத் தேடியது.